முப்பத்தொன்பது பேரின் கரும்பலகை

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து நிற்கிற கல்லுமடை என்கிற ஊரில், ஆவணி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்கு முந்தின பாடவேளையில், உயர்நிலைப் பள்ளியின் பத்து பி வகுப்புக் கரும்பலகையிலிருந்து இங்கிலீஷ் எழுத்துகள் உதிரத் தொடங்கின. இங்கிலீஷ் டீச்சர் இன்பவல்லி பாடத்தின் முதல் வாக்கியத்தை, ஒரு கிழவர் மழைக்காகக் காத்திருந்தார் என்கிற எளிய வாக்கியத்தை எழுதிப் புள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது, எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டு, காரை பெயர்வது போலச் சரிந்து, சாக்பீஸ் வைக்கிற மரத்தட்டில் பொடியாகக் குவிந்தன. பலகையில் ஈரம் இருக்கும் என்று நினைத்து டீச்சர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் உதிர்ந்தது. முப்பத்தொன்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பயப்படவில்லை, மணி அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பலகையில் உதிராமல் நின்ற ஒரே இங்கிலீஷ் வாக்கியம் ‘சிட் டவுன்’ என்பதுதான். தச்சர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்து மரத்தில் கோளாறு இல்லை என்றார். தலைமையாசிரியர் தெய்வசிகாமணி புதுப் பச்சைப் பலகை வாங்கி மாட்டினார், அதிலும் உதிர்ந்தது. பிள்ளைகளைப் பத்து ஏ அறைக்கு மாற்றி உட்காரவைத்தார், அங்கேயும் உதிர்ந்தது. அந்த அறைப் பிள்ளைகள் இங்கே வந்தபோதோ எழுத்து அசையாமல் நின்றது. மற்றப் பாடங்களைப் பலகை கண்டுகொள்ளவே இல்லை, அதற்காகக் கணக்கு சார் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தார்.

காரணம் வெள்ளிக்கிழமை தெரிந்தது. மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட மறுநாள் அது, பாடவேளை தொடங்கியும் பின் பெஞ்சுக்காரர்கள் பதினொரு பேரும் வந்துசேரவில்லை. டீச்சர் எழுதிய வாக்கியம் அப்படியே நின்றது. இரண்டாவதும் நின்றது. பலகை நிறைந்தது. டீச்சருக்கு மூச்சு வந்தது. அப்போது தலையில் மஞ்சள் பூவோடு ஒரு பையன் வாசலில் வந்து நின்று, “உள்ள வரலாங்களா மிஸ்?” என்று கேட்டுவிட்டு உள்ளே காலை வைத்தான், மூன்று வாக்கியங்கள் சரிந்தன. அடுத்தவன் வந்தான், இன்னும் இரண்டு போயின. பத்தாவது ஆள் உட்கார்ந்தபோது பலகையில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியிருந்தது. கடைசியாக வந்தவள் சுகந்தி.

சுகந்தியின் அப்பா போர் வண்டியில் துளை போடுகிற டிரில்லர், வருஷத்தில் பத்து மாசம் சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ இருப்பார். அவள் அம்மா, துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடுகளைக் கழுவிக் கிரீஸ் தடவும் பட்டறையில் வேலை பார்த்தார். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் பாடவேளையில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. அவளுக்குக் குரல் உண்டு என்பதே வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் தெரியும். அவள் வாசலில் நின்று, மிஞ்சியிருந்த ஒற்றை வாக்கியத்தைப் பார்த்தாள், தட்டில் குவிந்திருந்த பொடியைப் பார்த்தாள், பிறகு ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

“உள்ள வா சுகந்தி.”

“வேண்டாமுங் மிஸ். நான் இங்கியே நின்னுக்கறேன். நான் வந்தா அதும் கொட்டிருமுங்.”

அவள் அழாமல், மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னாள். இன்பவல்லி டீச்சர் ஒன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் முன்னிரண்டு பெஞ்சுகளைப் பார்த்தே பாடம் நடத்திவந்தார். அது அவருக்குத் தெரியும், ஆனால் யாரும் அதை இப்படி எழுதிக் காட்டியதில்லை. அவர் வெளியே போய், சுகந்தியின் கையைப் பிடித்து, அறைக்குள் கூட்டிவந்து, முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். கடைசி வாக்கியமும் உதிர்ந்தது. டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, சுத்தமாயிருச்சு. இனி எல்லாருக்குமா சேர்த்து ஆரம்பிக்கலாம்” என்றார்.

ஆரம்பிப்பதென்றால் அவ்வளவு சுலபமாக இல்லை. மழை என்கிற சொல்லுக்கு அவர் வாளித் தண்ணீரைத் தெளித்தார். காத்திருத்தல் என்பதற்கு இர்ஃபான் என்கிற பையனைக் கதவோரம் நிற்கவைத்து, வராத பஸ்ஸுக்காக எட்டிப் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்த பார்வையில் வகுப்பே சிரித்தது, அன்றைக்கு ‘வெயிட்டிங்’ நின்றது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு பாராவுக்கு மூன்று வாரம் ஆனது. அறையில் ஒருவருக்குப் புரியாவிட்டாலும் எழுத்து உதிர்ந்தது, உதிர்ந்ததும் யாருக்குப் புரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை, முதலில் எல்லோரும் சுகந்தியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

புரட்டாசியில் ஒருநாள் டீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “உங்களுக்கு ஏற்கெனவே என்ன இங்கிலீஷ் தெரியுமோ அதைச் சொல்லுங்க, நான் எழுதறேன்” என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கி, “கம்ப்ரசர்ங் மிஸ்” என்றான். எழுதினார், நின்றது. “ஹேமர்.” நின்றது. “பிரஷர்.” “வால்வு.” “பிட்.” எல்லாம் நின்றன. அப்பாவும் மாமாவும் சித்தப்பாவும் வண்டியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பத்து நிமிஷத்தில் நாற்பது சொற்கள் பலகையில் அசையாமல் நின்றன. நாற்பத்தோராவது சொல்லைச் சொன்னவள் சுகந்தி. ஐந்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் இங்கிலீஷ் சொல் ‘கேசிங்’.

டீச்சர் எழுதினார். அது உதிர்ந்தது.

வழக்கம்போல எல்லோரும் சுகந்தியைப் பார்த்தார்கள், ஆனால் சொன்னவளே அவள்தான். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தில் ஹர்ஷவர்த்தினி காது சிவக்க உட்கார்ந்திருந்தாள். ஹர்ஷவர்த்தினிதான் பள்ளியிலேயே முதல் மார்க். அவள் அப்பா நாச்சிமுத்துவுக்குச் சொந்தமாக மூன்று போர் வண்டிகள், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. மகளை எஞ்சினியர் ஆக்க வேண்டும், கிரீஸ் வாடையே அவள் பக்கம் படக்கூடாது என்று வண்டி நிற்கிற ஷெட்டுக்கு அவளை ஒருநாளும் விட்டதில்லை.

“எனக்குத் தெரியாது மிஸ்” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சுகந்தி எழுந்து அவள் பெஞ்சுக்குப் போனாள். “அழுவாத புள்ள. போர் ஓட்டறப்ப மேல மண்ணு பொதுபொதுன்னு இருக்குமல்ல, அது ஓட்டைக்குள்ள சரியாம இருக்க ஒரு குழாய் எறக்குவாங்க. பாறை வர்ற வரைக்கும்தான் அது. அப்பறம் வேண்டியதில்ல. அந்தக் குழாய்தான் கேசிங். உங்க ஷெட்டு முன்னாடியே நீலக் கலர்ல அடுக்கி வச்சிருக்குதே, அதுதான்.”

“அதுவா?” என்றாள் ஹர்ஷவர்த்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அது ஏதோ வாட்டர் பைப்புன்னு இல்ல நெனச்சேன்.”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். டீச்சர் மறுபடி எழுதினார், கேசிங் நின்றது. அன்றிலிருந்து எழுத்து உதிர்ந்தால் யாரும் குறிப்பிட்ட ஒருவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கு விளங்கவில்லையோ அவர்களே கையைத் தூக்கினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் போட்டிபோட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள் நடித்துக் காட்டினார்கள்.

ஊர் இதைத் தனக்கேற்றபடி எடுத்துக்கொண்டது. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், என்ன படித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, “இன்னிக்கு நின்னுச்சா?” என்று கேட்டார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில், “அவங்க பேசுனதுல பாதி கொட்டிப்போச்சு, நமக்கு ஒண்ணும் நிக்கல” என்றார்கள். தட்டில் சேர்ந்த சாக்பீஸ் பொடியைத் தாய்மார்கள் பொட்டலம் கட்டி வாங்கிப்போய்ப் பேச்சு வராத குழந்தைகளின் நெற்றியில் பூசினார்கள். அதில் இரண்டு குழந்தைகள் பேசவும் தொடங்கின, ஆனால் அந்த வயதில் எல்லாக் குழந்தையும்தான் பேசும் என்று சத்துணவு அமைப்பாளர் சொன்னார். அறைக்குள் இருக்கிற எல்லோரையும் பலகை கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்ததால், தபால்காரர் வாசலுக்கு வெளியே நின்றே கடிதத்தை நீட்டினார். அப்படியும் ஒருமுறை கவனக்குறைவாக உள்ளே வந்து ஒரு பாராவைக் கொட்டிவிட்டார், அதற்குப் பிராயச்சித்தமாக அரைமணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, எழுத்து நின்ற பிறகே சைக்கிளை எடுத்தார்.

நாச்சிமுத்துவால் மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஏழு பாடத்தில் மூன்றுதான் முடிந்திருந்தது. அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், “என்ற புள்ள வேகமா ஓடற புள்ளைங் சார். பதினொரு பேருக்காக அவளை நிறுத்தி வெக்கறது நாயமா? ஒண்ணு அவங்களைப் பிரிங்க, இல்லீன்னா நான் டீசி வாங்கிக்கறேன்” என்றார்.

தெய்வசிகாமணி கெட்ட மனிதர் அல்ல. ஆனால் இரண்டு வருஷமாகப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு சரிந்து, ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அவர் ஒரு வெள்ளைத்தாளில் பதினொரு பெயர்களை எழுதினார். அவர்கள் பள்ளியிலிருந்து விலகித் தனித்தேர்வர்களாக எழுதிக்கொள்ளட்டும், அப்போது மிச்சம் இருபத்தெட்டுப் பேரும் தேறிவிடுவார்கள். தை மாதம் பார்வையிட வரும் கல்வி அதிகாரி அந்தத் தாளுக்கு ஒப்புதல் தந்தால் போதும்.

அன்றைக்கு வீட்டில் சோற்றுத்தட்டின் முன்னால் ஹர்ஷவர்த்தினி, “நான் வேற ஸ்கூலுக்குப் போகமாட்டேன்ப்பா” என்றாள்.

“அவங்களால உனக்குத்தான அம்மிணி நட்டம்?”

“ஒரு பாடத்தை முப்பத்தெட்டுப் பேருக்குச் சொல்லிக்குடுத்துப் பாருங்க, அப்பறம் அது மறக்குமான்னு சொல்லுங்க. முன்னாடி மனப்பாடம் பண்ணி எழுதிட்டிருந்தேன். இப்ப எனக்கு இங்கிலீஷ் தெரியும்ப்பா.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நம்ம ஷெட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு நெறைய வார்த்தை தெரியல” என்றாள். நாச்சிமுத்து மோரை ஊற்றிக்கொண்டார்.

அதிகாரி தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வந்தார். பெயர் சத்தியநாதன், இங்கிலீஷில் எம்.ஏ., பேச்சிலும் நடையிலும் அவசரம் இருந்தது. தலைமையாசிரியரும் நாச்சிமுத்துவும் அவரைப் பத்து பி வகுப்புக்குக் கூட்டிவந்து பின்னால் உட்காரவைத்தார்கள். பதினொரு பெயர்கள் எழுதிய தாளைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள், அது தலைமையாசிரியரின் சட்டைப்பையில் இருந்தது. அந்த வாரம் பிள்ளைகளே சொந்தமாக வாக்கியம் எழுதும் வாரம், ஒவ்வொரு நாளும் ஒருவருடைய வாக்கியம். வியாழன் சுகந்தியின் முறை. டீச்சர் அவள் நோட்டைப் பார்த்துப் பலகையில் எழுதினார்: ‘தி ஹோல் வாஸ் டிரை, பட் தே டிட் நாட் மூவ் தி ரிக்.’

எழுத்துகள் ஒரு நொடி நின்று, பிறகு மொத்தமாகச் சரிந்தன.

தலைமையாசிரியர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். “யாருக்கு விளங்கல? கை தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை. முப்பத்தொன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து, “எனக்கு விளங்குதுங்க, இது நம்ம தொழில்தானே” என்றார். தலைமையாசிரியரும் விளங்குகிறது என்றார். அறையில் இன்னும் ஒருவர்தான் பாக்கி.

சத்தியநாதன் சிரித்தார். “எனக்கா? குழி வறண்டிருந்தது, ஆனாலும் அவர்கள் எந்திரத்தை நகர்த்தவில்லை. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு? மறுபடி எழுதுங்க.”

டீச்சர் எழுதினார். மறுபடியும் கொட்டியது. பொடி பறந்து அதிகாரியின் கருப்பு ஷூவில் படிந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சுகந்தி எழுந்தாள். “வார்த்தையெல்லாம் நீங்க சொன்னது சரிதானுங் சார். டிரைன்னா என்னன்னுதான் உங்களுக்குத் தெரியலீங். அது தப்பில்லீங் சார், நீங்க போர் போடற எடத்துல நின்னிருக்க மாட்டீங்க. அறுநூறு அடியில தண்ணிப் பாயிண்டுன்னு சொல்லியிருப்பாங்க. அறுநூறுல வராது. எழுநூறுல வராது. வெறும் புகை மாதிரி வெள்ளைத் தூளா வந்துட்டே இருக்கும், எல்லார் தலையிலயும், மாட்டு மேலயும், மரத்து மேலயும் படியும். தோட்டத்துக்காரரு கேக்கமாட்டாரு, கீழ எறங்கற ராடை எண்ணிட்டு உக்காந்திருப்பாரு. அவரு சம்சாரம் வண்டிக்காரங்களுக்குச் சோறாக்கி வச்சிருப்பாங்க, யாரும் சாப்பிடப் போகமாட்டாங்க. தொள்ளாயிரம் அடி போயும் தூளுதான். அப்ப கம்ப்ரசரை நிறுத்திட்டு வண்டியை எடுக்கோணுமுங். ஆனா அந்தச் சத்தம் நின்னுபோச்சுன்னா அந்தத் தோட்டத்துல தண்ணி இல்லீன்னு ஆயிருமுங். அதனால எங்கப்பா இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரே ஒரு ராடுன்னு எறக்குனாருங். அதுதானுங் சார் டிட் நாட் மூவ்.”

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வண்டி, இன்னும் இறக்கலாமா என்று கேட்டு சுகந்தியின் அப்பா சத்தீஸ்கரிலிருந்து அவருக்குத்தான் போன் செய்தார்.

சுகந்தி டீச்சரிடமிருந்து சாக்பீஸை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கொஞ்சம் கோணலாக, முழு வாக்கியத்தையும் எழுதினாள். புள்ளி வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். எழுத்துகள் நின்றன. பாறையில் வெட்டியது போல நின்றன.

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், “தண்ணி வந்துச்சாம்மா?”

“தொள்ளாயிரத்து நாப்பதுல வந்துச்சுங் சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தலைமையாசிரியரிடம் கையை நீட்டினார். தாளை வாங்கி விரித்து, “உன் பேரு என்ன?” என்றார். அவள் சொன்னாள். அவர் விரலால் தேடினார், மூன்றாவதாக இருந்தது. தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, “முப்பத்தொம்பது பேரும் எழுதட்டும் சார். நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்” என்றார். நாச்சிமுத்து எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, “எனக்கும் சம்மதங்க” என்றார்.

அதன்பிறகு இரண்டு மாதம் பத்து பி வகுப்பு ஓடிய ஓட்டத்தை ஊர் இன்னும் சொல்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு பாடம் ஒரு வாரத்தில் முடிந்தது, பிறகு மூன்று நாளில் முடிந்தது. இலக்கணத்தை இர்ஃபான் பாட்டாகக் கட்டினான். கடிதம் எழுதும் பகுதிக்கு அவர்கள் நிஜமாகவே வெளிமாநிலத்தில் இருக்கிற அப்பாக்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார்கள், அந்த அப்பாக்கள் லாரி ஷெட்டுகளில் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பதில் போட்டார்கள். ஹர்ஷவர்த்தினி ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டில் கிரீஸ் கையோடு நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், நாச்சிமுத்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாசிக் கடைசியில் ஒருநாள் டீச்சர் ஒரு முழுப்பக்கக் கவிதையை எந்த விளக்கமும் சொல்லாமல் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒரு எழுத்துகூட அசையவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் முன்னாலேயே, வெட்கப்படாமல் அழுதார்.

தேர்வறைப் பலகை சாதாரணப் பலகை, அதில் பதிவெண்களும் நேரமும் மட்டும் எழுதியிருந்தன. பிள்ளைகள் போனார்கள், எழுதினார்கள், வந்தார்கள்.

வைகாசியில் முடிவு வந்த காலை பள்ளி மைதானத்தில் ஊரே நின்றது. பழுதுபார்க்க வந்திருந்த ஆறு போர் வண்டிகளும் வாழைமரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்றன. தலைமையாசிரியர் படியில் ஏறி நின்று, தாளைப் பையில் திணித்துக்கொண்டு, “முப்பத்தொம்பதுக்கு முப்பத்தொம்பது” என்று மட்டும் சொன்னார். பறை அடித்தது. ஹாரன் அடித்தது. யாரோ ஒரு வண்டியின் கம்ப்ரசரைத் திறந்துவிட, புழுதி எழுந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. இன்பவல்லி டீச்சரைத் தாய்மார்கள் தூக்கப் பார்த்தார்கள், அவர் செருப்பு ஒன்று கூட்டத்தில் தொலைந்துபோனது.

டவுனிலிருந்து வந்த பத்திரிகை நிருபர் நோட்டைத் திறந்து, “ஃபர்ஸ்ட் மார்க் யாருங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை. இங்கிலீஷில் தொண்ணூற்றாறு வாங்கிய ஹர்ஷவர்த்தினி கூட்டத்துக்குள் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து மாலையோடு படியேறி, கையைத் தூக்கிப் பறையை நிறுத்தச் சொல்லி, ஊருக்கே கேட்கும்படி, “கடைசி மார்க் யாரு சாமி?” என்றார்.

வேப்பமரத்தடியில் கிரீஸ் கறை போகாத சேலையோடு நின்ற அம்மாவின் கையை விட்டுவிட்டுச் சுகந்தி முன்னால் வந்தாள்.

“நாந்தானுங். நாப்பத்தொண்ணு.”

அவர் மாலையை அவள் கழுத்தில் போட்டார். ஹர்ஷவர்த்தினி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி முதல் வண்டியின் கேபின் மேல் உட்காரவைத்தார்கள், வண்டி மெதுவாகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியது. நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு என்று கத்திக்கொண்டு கல்லுமடை முழுவதும் அதன் பின்னால் போனது.